மூன்றாவது பில்: ஒரு விவாகரத்து வழக்கும் சொலிசிட்டர் கட்டணமும்

இங்கிலாந்து, வேல்ஸ் சட்டப்படி நடந்த ஒரு விவாகரத்தில், சொத்துப் பிரிவினைக்குச் சொலிசிட்டர் (வழக்கின் அலுவலக வேலையைப் பார்க்கும் வக்கீல்) அனுப்பிய பில்லைக் கட்சிக்காரர் எப்படிக் கேள்வி கேட்டார், அதில் எவ்வளவு குறைந்தது என்பதுதான் இங்கே விஷயம். இதை ஒரே ஆளின் கதையாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஒரே மாதிரிக் கோளாறுகள் திரும்பத் திரும்ப வரும் பல பில்களைச் சேர்த்து ஒரு வழக்காக எழுதியிருக்கிறேன். தொகைகளும் கட்சிக்காரர் விவரங்களும் அதற்காக அமைத்தவை. சட்டப் பிரிவுகள், கால வரம்புகள், நீதிமன்றக் கட்டணங்கள் அந்தக் காலத்தில் இருந்தபடியே.

பின்னணி

கட்சிக்காரர் லண்டனின் வெளிப்பகுதியான ஹாரோ பக்கம் இருப்பவர். இரண்டு பிள்ளைகள், இருவர் பெயரிலும் ஒரு வீடு, கணவருக்கு வேலை வழியாக ஒரு பென்ஷன். 2023 மார்ச்சில் பக்கத்தில் இருந்த ஒரு சொலிசிட்டர் அலுவலகத்துக்குப் போனார். விவாகரத்து மனுவில் பெரிய செலவில்லை. 2022 ஏப்ரல் 6 முதல் யார் மேலும் குற்றம் சாட்டாமலே மனுப் போடலாம். நீதிமன்றக் கட்டணம் 593 பவுண்டு, கொஞ்சம் கடிதப் போக்குவரத்து, அவ்வளவுதான். வீட்டையும் பென்ஷனையும் எப்படிப் பிரிப்பது என்று 275 பவுண்டு கட்டி ஃபார்ம் ஏ என்ற மனுப் போட்டதிலிருந்துதான் மீட்டர் ஓட ஆரம்பித்தது.

முதல் நாளே அலுவலகம் ஒரு கிளையன்ட் கேர் லெட்டர் (வேலை, கட்டணம் பற்றிய ஒப்பந்தக் கடிதம்) கொடுத்திருந்தது. பதினோரு பக்கம். எல்லோரையும் போல அவரும் கடைசிப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார். பின்னாடி உதவிய மூன்று விஷயங்கள் அந்தக் கடிதத்தில்தான் இருந்தன. ஒன்று, மணிக் கட்டணம்: பார்ட்னருக்கு 290 பவுண்டு, உதவி சொலிசிட்டருக்கு 190, பாராலீகலுக்கு (சட்ட உதவியாளர்) 120, எல்லாவற்றுக்கும் மேல் 20 சதவீத வாட் வரி. இரண்டு, மதிப்பீடு: எஃப்டிஆர் முடியும் வரை 9,000 முதல் 11,000 பவுண்டு, வரி தனி, பாரிஸ்டர் (நீதிமன்றத்தில் வாதாடும் வக்கீல்) தனி. மூன்றாவது, யாரும் படிக்காத ஒரு வரி: ‘அவ்வப்போது அனுப்பும் ஒவ்வொரு பில்லும் அந்தக் காலகட்டத்துக்கு இறுதியானது.’

எஃப்டிஆர் தெரியாதவர்களுக்கு: சொத்து வழக்கில் முதல் விசாரணைக்கும் இறுதி விசாரணைக்கும் நடுவில், சமரசத்துக்காகவே வைக்கும் அமர்வு அது. நீதிபதி இரண்டு தரப்பையும் கேட்டுவிட்டு, ‘இறுதி வரை போனால் ஏறக்குறைய இப்படித்தான் தீர்ப்பு வரும்’ என்று கருத்துச் சொல்வார். அதே நீதிபதி பிறகு அந்த வழக்கின் இறுதி விசாரணையை நடத்தமாட்டார். பல வழக்குகள் அன்றைக்கே முடிந்துவிடும். இதுவும் அப்படித்தான் முடிந்தது.

பில்கள் மூன்று. வரி இல்லாமல் பார்த்தால் 2023 ஜூனில் 2,180 பவுண்டு, நவம்பரில் 4,640. இரண்டையும் கட்டிவிட்டார். 2024 பிப்ரவரி இறுதியில் எஃப்டிஆர் முடிந்தது. மார்ச் 11 அன்று மூன்றாவது பில் மெயிலில் வந்தது: 9,730 பவுண்டு, வரியோடு 11,676. ‘மேற்கண்ட காலத்தில் செய்த தொழில்முறைச் சேவைக்காக’ என்று ஒரே ஒரு பத்தி விளக்கம்.

“போன்ல பேசினதுக்கெல்லாமா அண்ணா காசு?” என்றுதான், பில்லோடு உதவி கேட்டு என்னிடம் வந்தபோது முதலில் கேட்டார். ஆமாம், அதற்கும்தான். இந்தத் தொழிலில் நேரத்தை ஆறு ஆறு நிமிடமாக வெட்டி எழுதுவார்கள். ஆறு நிமிடம் ஒரு யூனிட், பத்து யூனிட் ஒரு மணி நேரம். இரண்டு வரி மெயிலும் ஒரு யூனிட்தான். 190 பவுண்டுக்காரர் ‘நன்றி, கிடைத்தது’ என்று பதில் போட்டால் 19 பவுண்டு. மேலே வரி.

இன்னொரு நினைப்பும் அவருக்கு இருந்தது: எப்படியும் கணவர் தலையில்தான் இந்தச் செலவு விழும். குடும்ப நடைமுறை விதிகள் 2010-இல் விதி 28.3 அந்தக் கதவை ஏறக்குறைய மூடிவிடுகிறது. சொத்துப் பிரிவினை வழக்கில் அவரவர் செலவு அவரவருக்கு என்பதே பொது விதி. எதிர்த்தரப்பு நீதிமன்ற உத்தரவை மதிக்காமல் இழுத்தடித்தது போன்ற நடத்தை இருந்தால்தான் விலக்கு.

ஃபார்ம் எச்

பில்லைக் கேள்வி கேட்பவர்கள் முதலில் மணிக் கட்டணத்தைப் பிடித்துக்கொள்வார்கள். என் கணிப்பில் அது வீண் வேலை. கையெழுத்துப் போட்டு ஒப்புக்கொண்ட கட்டணம் அது. அதுவும் இந்த அலுவலகத்தின் கட்டணம் ஊரில் இல்லாத தொகை இல்லை. 2021 முதல் 2023 கடைசி வரை நடப்பில் இருந்த நீதிமன்ற வழிகாட்டிக் கட்டணத்தில், லண்டனின் வெளிப்பகுதிகளுக்கு எட்டு வருடத்துக்கு மேல் அனுபவமுள்ளவருக்கு 282, இளைய சொலிசிட்டருக்கு 185, பாராலீகலுக்கு 129. 290, 190, 120 அதை ஒட்டித்தான் இருக்கின்றன.

பிடிக்க வேண்டிய இடம் மதிப்பீடு. வழக்கை எடுக்கும்போது மட்டுமல்ல, அது நகர நகரவும், மொத்தம் எவ்வளவு ஆகும், இதுவரை எவ்வளவு ஆனது என்று தங்களால் முடிந்த அளவுக்குச் சரியான தகவலைச் சொலிசிட்டர் கொடுக்க வேண்டும். அது சொலிசிட்டர்களைக் கண்காணிக்கும் அமைப்பான எஸ்ஆர்ஏ-வின் நடத்தை நெறிமுறையில் 8.7-ஆம் பத்தி. மூன்று பில்லும் சேர்ந்து 16,550 பவுண்டு. மதிப்பீட்டின் மேல் எல்லையைவிட 5,550 கூடுதல், அதாவது பாதி மடங்கு அதிகம். நடுவில் ஒரு மெயிலில்கூட ‘மதிப்பீட்டைத் தாண்டப் போகிறோம்’ என்ற வார்த்தை இல்லை.

இதைவிட வலுவான தாள் ஒன்று குடும்ப வழக்குகளில் மட்டும் கிடைக்கும். பலருக்கு அது தங்களிடம் இருப்பதே தெரியாது. இறுதி விசாரணை தவிர, சொத்து வழக்கின் ஒவ்வொரு விசாரணைக்கும் குறைந்தது ஒரு நாள் முன்னால் இரண்டு தரப்பும் ஃபார்ம் எச் என்ற செலவுக் கணக்கை நீதிமன்றத்தில் போட வேண்டும். இதுவரை ஆனது எவ்வளவு, அடுத்த கட்டம் வரை ஆகப்போவது எவ்வளவு என்று அதில் இருக்கும். 2020 ஜூலையில் விதி 9.27-ஐ இறுக்கியபோது, இந்தக் கணக்கைக் கட்சிக்காரரோடு பேசிவிட்டோம் என்ற உறுதியும் அதில் இருக்க வேண்டும் என்று சேர்த்தார்கள்.

2023 டிசம்பரில் நடந்த முதல் விசாரணைக்குப் போட்ட ஃபார்ம் எச்-ஐத் தேடி எடுத்தோம். சொலிசிட்டர் கட்டணம் இதுவரை 8,184 பவுண்டு என்றது. கட்டிய இரண்டு பில்லும் வரியோடு அதே தொகைதான். எஃப்டிஆர் வரை இன்னும் 5,400 ஆகும் என்றது, அதுவும் வரியோடு. மூன்று மாதத்தில் வந்த பில் 11,676. நீதிமன்றத்திடம் ஒரு தொகையைச் சொல்லிவிட்டு, கட்சிக்காரரிடம் அதைப் போல இரண்டு மடங்குக்கு மேல் கேட்டால் நடுவில் என்ன நடந்தது என்று விளக்கியாக வேண்டும். கணவர் தரப்பு புதிதாக ஒரு கம்பெனியைக் காட்டியது, பிள்ளைகள் விஷயத்தில் அவசர மனு வந்தது என்று ஏதாவது இருந்தால் அது விளக்கம். இங்கே அப்படி எதுவும் இல்லை.

மதிப்பீட்டை மீறினால் மீறிய தொகை தானாகக் கழிந்துவிடும் என்று சட்டம் சொல்லவில்லை. மாஸ்டர்சிகார்ஸ் எதிர் விதர்ஸ் வழக்கில் 2007-இல் உயர் நீதிமன்றம் சொன்னதன் சாரம் இதுதான்: மதிப்பீடு ஓர் அளவுகோல்; கட்சிக்காரர் அதை நம்பி நடந்திருந்தால், அவர் நியாயமாக எவ்வளவு கட்ட வேண்டும் என்று பார்க்கும்போது அதற்கு எடை உண்டு. அதற்கு முன்பே வோங் எதிர் விசார்ட்ஸ் வழக்கில் மதிப்பீட்டுக்கு மேல் 15 சதவீதம் வரை அனுமதித்திருந்தார்கள். அதனால் ‘நம்பினேன்’ என்று சொன்னால் போதாது, நம்பி என்ன செய்தார் என்று காட்ட வேண்டும். இவரிடம் அது இருந்தது. டிசம்பர் விசாரணைக்குப் பிறகு கணவர் தரப்பு ஒரு சமரசத் தொகை சொன்னது. ‘இன்னும் ஐயாயிரம் சொச்சம்தானே ஆகும், எஃப்டிஆர் வரை போய்ப் பார்ப்போம்’ என்று அதை மறுத்து சொலிசிட்டருக்கே மெயில் போட்டிருந்தார். அந்த ஒரு மெயில் மொத்தத் தகராறிலும் பாதி வேலையைச் செய்தது.

லெட்ஜரில் கண்டது

ஒரு பத்தி விளக்கத்தோடு மொத்தத் தொகை போட்ட பில்லுக்கு, 1974-ஆம் வருட சொலிசிட்டர் சட்டத்தின் 64-ஆம் பிரிவின்படி மூன்று மாதத்துக்குள் விவரமான பில் கேட்கலாம். இணையத்தில் பலரும் இந்தப் பிரிவின் பேரைச் சொல்லிக் கடிதம் போடச் சொல்வார்கள். கொஞ்சம் பொறுங்கள். அப்படி முறைப்படி கேட்ட உடனே பழைய பில் செல்லாததாகிவிடும். புதிதாக வரும் விவர பில் அதைவிடக் கூடுதலாகவும் இருக்கலாம். சொலிசிட்டர் தாராள மனசோடு விட்டுக்கொடுத்த யூனிட்டெல்லாம் அப்போது திரும்ப வந்து உட்காரும். நாங்கள் பிரிவின் பேரே எடுக்காமல், ‘இந்த பில்லுக்கு அடிப்படையான நேரப் பதிவை அனுப்புங்கள்’ என்று மட்டும் கேட்டோம். நான்கு நாளில் அந்த லெட்ஜர் வந்தது. பார்ட்னர் 14 மணி நேரம், உதவி சொலிசிட்டர் 23.4, பாராலீகல் 10.2.

வரி வரியாகப் பார்த்ததில் ஐந்து இடம் கண்ணில் பட்டது. உள்ளே வந்த மெயில் 38-க்கும் தனித்தனியாக ஒவ்வொரு யூனிட் போட்டு 722 பவுண்டு. செலவு மதிப்பீட்டு நடைமுறை வழிகாட்டி 47-இன்படி, வெளியே போகும் மெயிலுக்குப் போடும் யூனிட்டிலேயே உள்ளே வரும் சாதாரண மெயிலைப் படிக்கிற நேரமும் அடங்கிவிடும். ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதியிருந்தால் இந்த வாதம் நிற்காது. இவர் கடிதத்தில் அப்படி எதுவும் எழுதவில்லை. அப்புறம், ஜனவரியில் பழைய உதவி சொலிசிட்டர் வேலையை விட்டுப் போக, புதிதாக வந்தவர் ‘கோப்பைப் படித்தல்’ என்று மூன்றரை மணி நேரம் எழுதியிருந்தார், 665 பவுண்டு. ஆள் மாறியது அலுவலகத்தின் பாடு, அதற்குக் கட்சிக்காரர் ஏன் கட்ட வேண்டும்?

பண்டில், அதாவது நீதிமன்றத்துக்குக் கொடுக்கும் ஆவணக் கட்டு விஷயம் எனக்கே கொஞ்சம் சிரிப்பு. நீதிமன்றப் பண்டில் 350 பக்கத்தைத் தாண்டக் கூடாது என்று விதி இருக்கிறது. பாராலீகல் ஆறு மணி நேரம் அடுக்கிப் பக்க எண் போட்டார், சரி. அதே பக்க எண்களைப் பார்ட்னர் 2.2 மணி நேரம் சரிபார்த்திருக்கிறார், 638 பவுண்டு. பிறகு அலுவலகத்துக்குள்ளேயே பார்ட்னரும் உதவியாளரும் பேசிக்கொண்ட 1.2 மணி நேரத்துக்கு இருவர் பேரிலும் சேர்த்து 576. கடைசியாக எஃப்டிஆர் நாள். பாரிஸ்டர் வாதாடினார், பார்ட்னர் கூட இருந்தார், உதவி சொலிசிட்டரும் ஆறு மணி நேரம் அங்கேதான் இருந்தார், 1,140 பவுண்டு. மூன்று பேர் வருவார்கள் என்று யாரும் முன்னால் சொல்லவில்லை. கட்சிக்காரர் சம்மதித்த செலவு நியாயமானது என்றே நீதிமன்றம் எடுத்துக்கொள்ளும், சிவில் நடைமுறை விதி 46.9 அப்படித்தான். அதே விதியில் மறுபக்கமும் உண்டு: வழக்கத்துக்கு மாறான செலவை, அது எதிர்த்தரப்பிடமிருந்து திரும்பக் கிடைக்காமல் போகலாம் என்று எச்சரிக்காமலே செய்தால், அது நியாயமற்றது என்று எடுத்துக்கொள்ளும்.

ஐந்தும் சேர்ந்து 3,741 பவுண்டு. இது போக போட்டோகாப்பிக்கு 96 பவுண்டு என்று தனியாக ஒரு சீட்டு இருந்தது. அது அலுவலகச் செலவு; சுட்டிக்காட்டிய அன்றைக்கே எடுத்துவிட்டார்கள்.

தொடாமல் விட்டதையும் சொல்ல வேண்டும். வெளியே போன மெயில் 47, மொத்தம் 893 பவுண்டு. அதில் பெரும்பாலானவை அவர் ராத்திரி பதினொரு மணிக்கு எழுதியதற்குப் போன பதில்கள். பையனின் பள்ளிக்கூட மேல்கோட்டைத் தகப்பன் திருப்பி அனுப்பவில்லை என்பது ஒரு மெயில். அதற்கு வந்த பதில்: ‘குறித்துக்கொண்டோம்.’ 19 பவுண்டு. மனசு கொதிக்கிற நேரத்தில் யாரிடமாவது சொல்லியாக வேண்டும்தான். ஆனால் பதில் எழுதியவர் வேலை செய்திருக்கிறார், அதைக் கேட்க முடியாது. கேட்டிருந்தால் மற்ற ஐந்தின் மரியாதையும் போயிருக்கும்.

கெடுவும் ஐந்தில் ஒரு பங்கும்

சொலிசிட்டர் சட்டத்தின் 70-ஆம் பிரிவுப்படி பில் கைக்கு வந்து ஒரு மாதத்துக்குள் நீதிமன்றத்தில் மதிப்பீடு (பில் நியாயமா என்று நீதிமன்றமே சரிபார்ப்பது; சொலிசிட்டர் முன்னால் சொன்ன மதிப்பீடு வேறு) கேட்டால் அது கட்சிக்காரரின் உரிமை, நிபந்தனை போட முடியாது. ஒரு மாதத்திலிருந்து பன்னிரண்டு மாதம் வரை நீதிமன்றத்தின் விருப்பம். பணத்தைக் கட்டிவிட்டு வா என்றுகூடச் சொல்லலாம். பன்னிரண்டு மாதம் தாண்டினாலோ பில்லைக் கட்டிவிட்டாலோ ‘விசேஷ சூழ்நிலை’ காட்ட வேண்டும். கட்டிப் பன்னிரண்டு மாதம் ஆகிவிட்டால் நீதிமன்றத்துக்கே அதிகாரம் கிடையாது. கட்சிக்காரருக்குச் சாதகமாகவும் ஒன்று உண்டு: 69-ஆம் பிரிவுப்படி பில் கொடுத்து ஒரு மாதம் ஆகும் வரை, விதிவிலக்கான நிலைமை இல்லாவிட்டால், சொலிசிட்டர் வழக்குப் போட முடியாது.

கிளையன்ட் கேர் லெட்டரின் அந்த மூன்றாவது வரி கடிப்பது இங்கேதான். ஒவ்வொரு பில்லும் இறுதியானது என்றால் ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் கெடு. அந்த வரி இல்லாமல் வெறும் முன்பணக் கோரிக்கையாக இருந்திருந்தால் எல்லா பில்லையும் சேர்த்து ஒன்றாக வாதாடலாம். முதல் இரண்டு பில்லும் கட்டியாகிவிட்டது; அவற்றுக்கு ‘விசேஷ சூழ்நிலை’ தேடுவதைவிட மூன்றாவதில் கவனத்தை வைப்பது மேல் என்று விட்டுவிட்டோம். வேறொருவர் வேறு மாதிரி முடிவெடுத்திருக்கலாம்.

நீதிமன்றம் என்றால் லண்டனில் சீனியர் கோர்ட்ஸ் காஸ்ட்ஸ் ஆஃபீஸ், வக்கீல் செலவுத் தகராறுகளைப் பார்க்கும் பிரிவு. போவதற்கு முன் ஐந்தில் ஒரு பங்கு விதியைக் கணக்குப் போட வேண்டும். பில் ஐந்தில் ஒரு பங்கோ அதற்கு மேலோ குறைந்தால் மதிப்பீட்டுச் செலவு பொதுவாகச் சொலிசிட்டர் தலையில். அதற்குக் கீழே என்றால் கட்சிக்காரர் தலையில். 9,730-இல் ஐந்தில் ஒரு பங்கு 1,946. ஐந்து வாதத்தின் மொத்தத் தொகையில் பாதிக்குச் சற்று மேல் ஜெயித்தாலே எல்லையைத் தாண்டலாம். நல்ல நிலைமைதான், ஆனால் உறுதி இல்லை. தோற்றால் கட்ட வேண்டிய செலவு, மிச்சம் பிடிக்க நினைக்கும் தொகையையே விழுங்கிவிடும். எந்த இலவசச் சட்ட உதவி மேசையும் இந்தக் கணக்கைப் போடாமல் ‘கோர்ட்டுக்குப் போங்கள்’ என்று சொல்லக் கூடாது.

இன்னொரு வழி, வக்கீல் சேவை பற்றிய புகார்களை விசாரிக்கும் லீகல் ஒம்புட்ஸ்மன். கட்டணம் இல்லை. முதலில் அலுவலகத்திடமே புகார் கொடுத்து எட்டு வாரம் தர வேண்டும். அவர்களுடைய இறுதிப் பதில் வந்து ஆறு மாதத்துக்குள் போக வேண்டும். விஷயம் நடந்தோ தெரியவந்தோ ஒரு வருடத்துக்குள் என்ற கெடுவும் 2023 ஏப்ரலிலிருந்து இருக்கிறது. கட்டணத்தைக் குறைக்கச் சொல்ல ஒம்புட்ஸ்மனுக்கு அதிகாரம் உண்டு. ஆனால் புகார் நடக்கிறது என்பதற்காக 70-ஆம் பிரிவின் ஒரு மாதம் நின்று காத்திருக்காது.

கடிதமும் முடிவும்

மார்ச் 22 அன்று புகார்க் கடிதம் போனது, ஒன்றரைப் பக்கம். கோபமான வார்த்தை ஒன்றும் இல்லை. ‘கொள்ளை’ என்ற சொல் முதல் வரைவில் இருந்தது, எடுத்துவிட்டோம். ஃபார்ம் எச்-இல் சொன்ன 5,400, டிசம்பர் மெயில், லெட்ஜரின் ஐந்து இடம், இவ்வளவுதான் உள்ளடக்கம். மறுக்காத பகுதி என்று 5,175 பவுண்டும் வரியும் உடனே கட்டத் தயார் என்று சேர்த்தோம். ஃபார்ம் எச் தொகையில் வரியைக் கழித்தால் 4,500. அதன் மேல் 15 சதவீதம் கூட்டினால் வருவது அது. கட்ட மனசில்லாதவர் என்ற பேச்சு எழாமல் இருக்க இந்த ஒரு வரி ரொம்ப முக்கியம். ஏப்ரல் 10-க்குள் முடிவு வராவிட்டால் மதிப்பீட்டு மனுப் போடுவோம் என்று கடைசியில் சொன்னோம்.

முதல் பதில் ‘நல்லெண்ண அடிப்படையில்’ பத்து சதவீதத் தள்ளுபடி. ஃபார்ம் எச் பற்றி ஒரு வார்த்தை இல்லை. திருப்பி ஒரே கேள்வி எழுதினோம்: டிசம்பரில் நீதிமன்றத்துக்குச் சொன்ன தொகை எந்தத் தேதியில், எந்த மெயிலில் மாற்றிச் சொல்லப்பட்டது? ஏப்ரல் 8 அன்று பார்ட்னரே போன் செய்தார். மூன்று பேர் போனதையும் கோப்பு படித்ததையும் உள்ளே வந்த மெயில்களையும் விட்டுக்கொடுத்தார். பண்டிலில் பாதியைப் பிடித்துக்கொண்டார். கொஞ்சம் இழுபறிக்குப் பிறகு 6,400 பவுண்டு, வரியோடு 7,680 என்று முடிந்தது. பில்லைவிட 3,996 குறைவு.

வீடு கோடையில் விற்றது. விற்பனையையும் அதே அலுவலகம்தான் பார்த்தது, பணம் அவர்களுடைய கிளையன்ட் அக்கவுண்ட் (கட்சிக்காரர் பணத்தை வைக்கும் தனிக் கணக்கு) வழியாக வந்தது. பாக்கியை அதிலிருந்து தாங்களே எடுத்துக்கொள்ளலாம் என்று கிளையன்ட் கேர் லெட்டரில் ஒரு ஷரத்து இருந்ததால், ‘7,680-க்கு மட்டும் சம்மதம், வேறு எந்தக் கழிவுக்கும் தனியாக எழுத்தில் கேளுங்கள்’ என்று முன்கூட்டியே மெயில் போட்டிருந்தார். பில்லோ எழுத்து அறிவிப்போ கொடுக்காமல் அங்கிருந்து கட்டணம் எடுக்கக் கூடாது என்பது எஸ்ஆர்ஏ கணக்கு விதி 4.3. அதே வருடம் அக்டோபரில் மென்சீஸ் எதிர் ஓக்வுட் வழக்கில் உச்ச நீதிமன்றம் இன்னொன்றையும் தெளிவாக்கியது: குறிப்பிட்ட தொகைக்குக் கட்சிக்காரர் சம்மதிக்காமல், பொதுவான அனுமதியை வைத்துப் பணத்தைக் கழித்துக்கொண்டால் அது 70-ஆம் பிரிவின்படி ‘கட்டியது’ ஆகாது. விபத்து இழப்பீட்டு வழக்கில் வந்த தீர்ப்பு என்றாலும், வீட்டுப் பணம் சொலிசிட்டர் கை வழியாக வரும் ஒவ்வொரு விவாகரத்துக்கும் அது பொருந்தும்.

பென்ஷன் பங்கை நடைமுறைப்படுத்தும் வேலை மிச்சம் இருந்தது. அதற்கு மணிக் கணக்கு வேண்டாம், ஒரே தொகையாகச் சொல்லுங்கள் என்று கேட்டார். வரியோடு சேர்த்து ஒரு நிலையான கட்டணத்தை எழுத்தில் கொடுத்தார்கள், வந்த பில்லும் அதே தொகைதான்.